மண்டபமும் கூடாரமும்

"மகளிர் உரிமைக்கு உலக மாநாடாம்! கடல் கடந்து செல்கிறார்களாம்! சென்று வந்தால் அரிசி விலை குறையுமோ? குழாயடியிலே குடம் நிறையுமோ?"

இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் மாற்றார் மட்டுமே எனில் கவலையில்லை. கேலி பேசுவது அவர்களுக்குத் தொழில். தொழில் செய்துவிட்டுப் போகட்டும். ஆனால், தோழர்களே, நம் பாசறையிலேயே இந்தக் குரல் கேட்கிறது. 'பெண்ணினத்துக்குச் சமநீதி' என்று மேடை அதிர முழங்கிவிட்டு, கைதட்டலை வாங்கி முடித்துக் கொண்டு, படியிறங்கி வந்ததும், "அவர்கள் ஏன் வெளிநாடு போக வேண்டும்?" என்று கேட்கும் வீரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மாற்றான் எறியும் கல்லைவிட நம்மவர் வீசும் இந்தச் சொல் அதிகமாகச் சுடுகிறது. ஆகவே இன்றைய மடல் அவர்களுக்கே.

'சுற்றுலா' என்கிறார்கள். எந்தப் பயணத்தை? அமைச்சர் செல்கிறார், அவருடன் அதிகாரிகள் அறுவர் செல்கின்றனர், கருவூலம் கட்டணம் செலுத்துகிறது. அதற்குப் பெயர் அரசுமுறைப் பயணம்! தையல் எந்திரத்தின் முன் குனிந்து முதுகு வளைந்த ஒருத்தி, தன் சங்கத்தார் எட்டணாவும் ஒரு ரூபாயுமாகச் சேர்த்தளித்த தொகையோடு, தன் கைப்பொருளையும் கரைத்து, எவரும் அனுப்பாமல் தானே முன்வந்து தொண்டராகச் செல்கிறாள். அதற்குப் பெயர் ஊர்சுற்றல்! நாணயம் எவருடையதோ, அதைப் பொறுத்தே பயணத்தின் நாணயமும் அளக்கப்படும் போலும்!

இந்த மாநாடுகளின் அமைப்பை அறியாமலே பலர் பேசுகின்றனர். ஐக்கிய நாடுகள் மன்றம் கூட்டும் மகளிர் மாநாடு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, அரசாங்கங்கள் கூடும் மண்டபம். நாற்காலிகளில் நாட்டின் பெயர்ப்பலகை, காதிலே மொழிபெயர்ப்புக் கருவி, கையிலே வாக்கு. மற்றொன்று, அந்த மண்டபத்துக்கு அப்பால், அரசு சாராத தொண்டர்கள் கூடும் பேரவை. அங்கே வாக்கு இல்லை, வாய் உண்டு. மண்டபத்திலே தீர்மானம் நிறைவேறும். கூடாரத்திலே அந்தத் தீர்மானத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற கூக்குரல் எழும். கூடாரம் கூவாதிருந்தால் மண்டபம் கொட்டாவி விட்டுக் கலைந்திருக்கும் என்பதே இவ்வளவு ஆண்டுகளின் வரலாறு.

1975ஆம் ஆண்டு, சூன் 19 முதல் சூலை 2 வரை, மெக்சிகோ நகரிலே முதல் உலக மாநாடு. 133 நாடுகள் வந்தன. பெண்களுக்கான மாநாடு, தலைமை நாற்காலியிலே யார் அமர்ந்தார்? மெக்சிகோ அரசின் தலைமை வழக்கறிஞர் பெட்ரோ ஒஹேடா பவுல்யாடா எனும் ஆடவர்! நாடக மேடைக்கு எழுதிப் பழகியவன் நான். என் நாடகத்திலே இப்படி ஒரு காட்சி வைத்திருந்தால், "நம்பும்படியாக இல்லை" என்று நடத்துநர் வெட்டியிருப்பார். வரலாறு வெட்டவில்லை.

அதே நகரில், சில கல் தொலைவிலே, தொண்டர் பேரவை. ஆயிரக்கணக்கிலே பெண்கள். அவர்களுள் ஒருத்தி பொலிவியா நாட்டு வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி, தொமித்திலா பாரியோஸ் தெ சுங்காரா. சுரங்கக் குடியிருப்பிலே இல்லத்தரசிகள் குழுவை நடத்தியவர். அதற்காகச் சிறை கண்டவர். அவர் அங்கே என்ன கண்டார்? கூடாரத்துக்குள்ளேயும் ஒரு மண்டபம் இருக்கக் கண்டார்! நாளுக்கொரு உடையில், காரோட்டி காத்திருக்க வந்த சீமாட்டி, "நாம் எல்லோரும் பெண்கள்தாமே, சுரங்கத்து வேதனையைச் சற்று மறந்து நம்மைப் பற்றிப் பேசுவோம்" என்ற பொருள்படப் பேசினார். தொமித்திலா திருப்பிக் கேட்டார்: உம் வாழ்வுக்கும் என் வாழ்வுக்கும் ஒப்புமை ஏதேனும் உண்டா என்று. சீமாட்டிகள் செல்வதுண்டு, உல்லாசத்துக்காக வருவோரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சீமாட்டி அங்கே வாயடைத்துப் போனது, சுரங்கத்தாள் அங்கே சென்றதால்தான். "சீமாட்டிகள் கூடும் இடம், நமக்கேன்" என்று அவளும் குடியிருப்பிலேயே இருந்திருந்தால்?

அடுத்து கோபன்கேகன், 1980. அடுத்து நைரோபி, 1985. அங்கே பல்கலைக்கழகத் திடலிலே ஏறத்தாழ 14,000 தொண்டர்கள். கூட்டம் பெருகப் பெருக, அரசுகளுக்கு நடுக்கமும் பெருகிற்று. அந்த நடுக்கம் நன்றாக வெளிப்பட்ட இடம் பெய்ஜிங். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1995 செப்டம்பர் 4 முதல் 15 வரை பெய்ஜிங்கிலே நான்காம் உலக மாநாடு. 189 அரசுகள். தொண்டர் பேரவை முதலில் நகரின் தொழிலாளர் விளையாட்டரங்கிலே கூடுவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு வசந்த காலத்திலே திடீரென ஓர் அறிவிப்பு: அரங்கின் கட்டுமானம் உறுதியாக இல்லை, ஆகவே பேரவை ஹுவாய்ரோ என்னும் ஊருக்கு மாற்றப்படும்! ஹுவாய்ரோ எங்கே இருக்கிறது? மாநாட்டு மண்டபத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். அரங்கின் சுவரா உறுதியற்றுப் போயிற்று? ஆட்சியாளரின் நெஞ்சன்றோ உறுதியற்றுப் போயிற்று! வந்தவர் கையிலே துப்பாக்கி உண்டா? துண்டறிக்கை இருந்தது, அது போதாதா, அஞ்சுவதற்கு? உலகெங்கும் கண்டனம் எழுந்தும் இடம் மாறவில்லை. திபெத்து, தைவான் தொடர்புடைய குழுக்களுக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெண்கள் ஆடையின்றி ஊர்வலம் வருவார்கள் என்று வதந்தி பரவிற்று என்றும், வாடகைக் கார் ஓட்டுவோர் அவர்கள் மீது போர்த்தப் போர்வை வைத்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டனர் என்றும் அன்றைய செய்தியாளர்கள் எழுதினார்கள். உரிமை கேட்க வருகிறவளைப் போர்வையால் மூடிவிடலாம் என்ற எண்ணம் சீனத்துக்கு மட்டும் உரியதா என்ன? நம் தெருவிலும் அந்தப் போர்வை விற்கிறது!

ஆகஸ்டு 30ஆம் நாள் பேரவை தொடங்கிற்று. ஏறத்தாழ 30,000 பேர். கட்டி முடியாத கட்டடங்கள், வரிசை வரிசையாகக் கூடாரங்கள், விடாத மழை, கணுக்கால் அளவு சேறு. சக்கர நாற்காலியிலே வந்த உடற்குறையுடைய பெண்களின் கூட்டத்துக்கு, அவர்களால் சென்றடைய முடியாத இடங்களை ஒதுக்கினார்கள். அவர்கள் திரும்பிப் போனார்களா? இல்லை, அங்கேயே ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். நாடு கடந்து வாழும் திபெத்தியப் பெண்கள் பட்டுத் துணியால் தம் வாயைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பேசுவதற்காகவே கூடிய இடத்திலே பேசாமல் பேசினார்கள்! ஆயிரம் சொற்பொழிவாற்றிய என் போன்றோர் கற்க வேண்டிய நாவன்மை அது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் இல்லரி கிளிண்டன் மண்டபத்திலே உரையாற்றினார். மறுநாள் ஹுவாய்ரோவுக்கும் வந்தார். மழை, ஆகவே திரையரங்கு ஒன்றிலே கூட்டம். உள்ளே இடம் பெற்றவர் சிலர். வெளியே நனைந்தவர் பல்லாயிரவர். பெண்ணுரிமையும் மனித உரிமையும் ஒன்றே என்ற அவருடைய கருத்து உலகைச் சுற்றி வந்தது. சுற்றட்டும், நல்ல கருத்துத்தான். ஆனால் ஒன்று கேட்க வேண்டாமா? பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் உடன்படிக்கையை 1979இல் ஐ.நா. ஏற்றது. 1980இல் அமெரிக்கா கையொப்பமிட்டது. இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை! ஊருக்கு உபதேசம் என்பதற்கு இதைவிடப் பெரிய உவமை தேடவேண்டுமா?

மழையும் சேறும் மட்டுமே சொன்னால், "பார்த்தாயா, துன்பம்தான் மிச்சம்" என்பார்கள். எனவே அங்கே தொண்டர் செய்த வேலையைச் சொல்கிறேன். மண்டபத்துள் நுழையும் சீட்டுப் பெற்ற தொண்டர் பிரதிநிதிகள் சுமார் 4,000 பேர். அவர்களுடைய வேலை பேச்சன்று, படிப்பு. மாநாட்டின் செயல்திட்ட வரைவிலே எங்கெங்கு அரசுகளுக்கு இணக்கம் இல்லையோ, அங்கெல்லாம் சதுர அடைப்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள். மாநாடு தொடங்கியபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எழுத்து அடைப்புக்குறிக்குள் சிறையிருந்தது. அதற்கு முன் நியூயார்க்கிலே நடந்த ஆயத்தக் கூட்டத்தில் 'பாலினம்' என்ற சொல்லையே அடைப்புக்குறிக்குள் தள்ளி, அதற்குப் பொருள் காணத் தனிக் குழு அமைத்தார்கள்! பெண்களின் மாநாட்டிலே, ஆண்–பெண் நிலையைச் சுட்டும் சொல்லுக்கே விசாரணை.

ஒவ்வொரு அடைப்புக்குறியையும் யார் போட்டார், யார் எடுக்க இசைவார், எந்த நாட்டின் அதிகாரி எந்த நடைவழியிலே அகப்படுவார் என்று கணக்கெடுத்து, காலையிலே கூடிப் பேசி, பகலெல்லாம் துரத்தி, இரவிலே மாற்றுச் சொற்றொடர் எழுதித் தந்தவர்கள் தொண்டர்கள். அமெரிக்க மக்களவையில் முன்பு உறுப்பினராயிருந்த பெல்லா அப்சுக், 75 வயதிலே அந்தப் பணியை முன்னின்று நடத்தினார்.

ஒரு சொற்றொடருக்காக நடந்த போரை மட்டும் காட்டுகிறேன். பெண்குழந்தைக்குச் சொத்து. 'சமமாக மரபுரிமை பெறும் உரிமை' என்று எழுத வேண்டும் என்றனர் ஒரு சாரார். சமயச் சட்டத்தைக் காட்டிச் சில அரசுகள் மறுத்தன. இறுதியிலே என்ன எழுதினார்கள்? 'மரபுரிமை பெறச் சம உரிமை' என்று! சொற்கள் அவையே, இடந்தான் மாறிற்று. விளங்குகிறதா, தோழர்களே? முன்னது, சமபங்கு கேட்கும் உரிமை. பின்னது, பங்கு கேட்கும் சம உரிமை. அண்ணனுக்கு இரண்டு காணி, தங்கைக்கு ஒரு காணி. இருவருக்கும் 'பெறும் உரிமை' சமம்! ஒரு சொல் ஓரடி நகர்ந்தது. ஒரு காணி நிலம் கைமாறிற்று. இலக்கணம் வறட்டுப் பாடம் என்று கல்லூரியை இடையிலே விட்டு ஓடிவந்தவன் நான். இலக்கணம் எவ்வளவு நிலம் தின்னும் என்பதை இந்த ஆவணத்திலே கண்டேன்.

இந்தச் சூழ்ச்சியைப் பிற மொழியினருக்கு நாம் விளக்க வேண்டும். நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1929இல் செங்கற்பட்டிலே பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானம். 1956இல் நாடு முழுமைக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது; மகளுக்குப் பங்கு தந்தது, ஆனால் கூட்டுக் குடும்பச் சொத்திலே பிறப்பாலே வரும் உரிமையை மகனுக்கே வைத்துக்கொண்டது. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் அதையும் மகளுக்கு அளித்தது. அளித்த சட்டமும், அதற்கு முன்பே மணமாகிப் போன மகளிரை வாசலிலே நிறுத்திற்று. 2005இல் நடுவண் சட்டம் வந்த பிறகே அந்த வாசல் திறந்தது. தீர்மானத்துக்கும் திறந்த வாசலுக்கும் இடையே 76 ஆண்டுகள்! ஒவ்வொரு படியிலும் ஒரு 'ஆனால்', ஒரு 'தவிர'. அந்த 'ஆனால்'களை மோப்பம் பிடிக்கத் தெரிந்த பெண்கள் நம் ஊரிலே ஏராளம். அவர்கள் அன்றோ ஹுவாய்ரோவின் சேற்றிலே நின்றிருக்க வேண்டும்!

இந்தியப் பேரரசின் கைத்திறனையும் காண்போம். அந்த 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையிலே இந்தியா 1980இல் ஒப்பமிட்டது. ஏற்புறுதி அளிக்க 1993 ஆயிற்று. அளித்தபோதும் வாலொன்று கட்டி அனுப்பிற்று. பெண்ணை இழிவுபடுத்தும் பழக்கவழக்கங்களை மாற்றுவது, மணவாழ்விலே சமத்துவம் தருவது — இவற்றிலே எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும், அந்தச் சமூகமே முன்வந்து இசைந்தாலன்றித் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு ஏற்பவே நடப்போம் என்று அறிவிப்பு! திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்வது கொள்கையளவிலே சரி, இவ்வளவு பெரிய நாட்டிலே நடைமுறைக்கு ஒவ்வாது என்று இன்னொரு அறிவிப்பு!

'சமூகம் இசைந்தால்' என்கிறார்களே, யார் அந்தச் சமூகம்? கட்டிலிலே சாய்ந்து மீசை முறுக்கும் பெரியதனக்காரரா? மடத்தின் தலைவரா? சமயக் குழுவின் தலைவரா? அந்தச் சமூகத்திலே பாதிப்பேர் பெண்கள் அல்லரோ? அவர்களுடைய இசைவை எப்போது, எந்த ஊரிலே, எந்தப் பெட்டியிலே வாக்கெடுத்தார்கள்? பூட்டியவனிடமே சாவி, "அவன் இசைந்தால் திறக்கலாம்" என்று தீர்ப்பு! மண்டபத்தில் நம் பெயரால் பேசுகிறவர்கள் இதைத்தான் எழுதித் தருகிறார்கள். கூடாரத்திலே நம் பெண் இல்லாவிட்டால், இந்த வாலைப் பிடித்து இழுப்பவர் எவர்?

"எல்லாம் தாள்தானே" என்பார் நம் நண்பர். ஆம், தாள்தான். அந்தத் தாள் என்ன செய்தது என்று கேளுங்கள். இராசத்தானிலே ஒரு சிற்றூர். குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற பெண் பணியாளர் ஒருவரை, அதற்காகவே 1992இல் கூட்டாக வன்கொடுமை செய்தனர். கீழ்நீதிமன்றம் குற்றவாளிகளாக நின்றோரை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றன: பணியிடத்திலே பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டன. அதற்கென நாட்டிலே சட்டம் கிடையாது. நீதிமன்றம் எதை எடுத்தது? அந்த உடன்படிக்கையை எடுத்தது! பெய்ஜிங்கிலே இந்திய அரசு கொடுத்த வாக்குறுதியை எடுத்துக்காட்டிற்று! 1997 ஆகஸ்டு 13ஆம் நாள், விசாகா வழக்கிலே நெறிமுறைகளை வகுத்து, சட்டம் வரும்வரை இதுவே சட்டம் என்றது. சட்டம் 2013இல் வந்தது. இன்று ஓர் அலுவலகத்திலே, ஓர் ஆலையிலே மேலாளரின் கை நீளுமானால், புகார்க்குழு எங்கே என்று ஒரு பெண் கேட்க முடிகிறது. அந்தக் கேள்விக்குப் பின்னே ஹுவாய்ரோவின் சேறும் இருக்கிறது. அரிசி விலை குறையுமா என்று கேட்ட நண்பரே, உம் மகள் வேலைக்குப் போகிறாளா?

போனவர் திரும்பி வந்து என்ன செய்தார் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1926இல் பாரிசிலே கூடிய அனைத்துலக மகளிர் மாநாட்டுக்குச் சென்றார் டாக்டர் முத்துலட்சுமி. அடுத்து சென்னைச் சட்டமன்றம் புகுந்து, அதன் துணைத் தலைவராகி, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்கப் போராடினார். 1947இல் அது சட்டமாயிற்று. ஊர் சுற்றிய அம்மையார்!

பெய்ஜிங்குக்குப் பிறகு ஐந்தாம் உலக மகளிர் மாநாடு நடந்ததா? முப்பது ஆண்டுகள் கடந்தும் நடக்கவில்லை. கூட்டினால், எழுதியதை முன்னேற்றுவதற்கு மாறாக, எழுதியதையே அழிக்க அரசுகள் துணியும் என்று பெண்ணியத் தோழியரே அஞ்சினர். இப்போது ஆண்டுதோறும் மார்ச்சிலே, நியூயார்க்கில் மகளிர் நிலை ஆணையம் கூடுகிறது. 2025இலே பெய்ஜிங்கின் முப்பதாம் ஆண்டு அங்கேதான் நோக்கப்பட்டது. தொண்டர் பேரவையும் உடன் கூடுகிறது. ஆனால் அங்கே போக அமெரிக்க நுழைவுரிமை வேண்டும். வங்கிக் கணக்கும் சொத்துப் பத்திரமும் காட்டவேண்டும். சொத்துரிமை கேட்கப் போகிறவளிடம் சொத்தைக் காட்டு என்கிறார்கள்! இன்னொரு சுவர் மொழி. ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு; தமிழ் அவற்றுள் இல்லை. தொமித்திலா தன் மொழியிலே முழங்கினார், அந்நாட்டு மொழியும் அதுவே. நம் தீப்பெட்டித் தொழிலாளி எந்த மொழியிலே முழங்குவாள்? ஆங்கிலம் அறிந்தவளையே அனுப்புவோம் என்றால், மீண்டும் சீமாட்டிதான் செல்வாள்.

ஆகவே நான் கேட்பது இது. மாவட்டந்தோறும் மகளிர் அணி ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். அவர் தலைவரின் மருமகளாகவோ, செயலாளரின் கொழுந்தியாளாகவோ இருக்கலாகாது. பீடி சுற்றுகிறவர், தைப்பவர், களை எடுப்பவர், செவிலியர் — இவர்களுள் சங்கம் நடத்திப் பழகியவர் செல்லட்டும். உடன் மொழிபெயர்ப்பாளராக நம் கல்லூரி மாணவி ஒருத்தி. மாநாட்டுப் பந்தலின் மின்விளக்குத் தோரணத்திலே பாதியை அணைத்தால் இருவருக்கும் பயணச்சீட்டு ஆயிற்று! திரும்பி வந்ததும் மாலை வேண்டாம், கணக்குக் கேளுங்கள். எந்த அடைப்புக்குறியை எவர் போட்டார், டெல்லிப் பிரதிநிதி எதற்குத் தலையசைத்தார், எதற்கு வாய் மூடினார் — ஊர்தோறும் சொல்லட்டும்.

ஆடவர் தோழர்களுக்கு ஒரு செய்தி. 1840 சூன் மாதம், இலண்டனிலே அடிமை ஒழிப்பு உலக மாநாடு. அமெரிக்காவிலிருந்து லுக்ரீஷியா மாட் முதலிய பெண்கள் பிரதிநிதிகளாக வந்தனர். அடிமைக்கு விடுதலை தேடக் கூடிய பெருமக்கள், நெடுநேரம் வாதாடி, பெண்களுக்கு இருக்கை இல்லை என்று முடிவு செய்து, ஓரமாக அமர்ந்து கேட்கச் சொன்னார்கள். அங்கே பார்வையாளராக இருந்த எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் மாட் அம்மையாரும் எட்டாண்டு கழித்து, செனகா ஃபால்சிலே பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டினார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வில்லியம் லாயிட் கேரிசன், அமெரிக்க அடிமை ஒழிப்பு இயக்கத்தின் பெருந்தலைவர். சில நாள் தாமதமாக இலண்டன் வந்து சேர்ந்தார். மேடையிலே அவருக்கு இடம் காத்திருந்தது. நடந்ததைக் கேட்டார்; மேடை ஏறவில்லை. பெண்கள் அமர்ந்திருந்த ஓரத்துக்குச் சென்று, மாநாடு முடியும்வரை அங்கேயே, ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தார்.

நம்மிலே அவ்வளவு தூரம் போக எவரும் வேண்டாம். நியூயார்க்குக்கு அவள் போகும் இரண்டு வாரம், காலையிலே உலை வைப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், சங்கத்துச் சந்தா வாங்கி எழுதுவதும் யார் என்று அவளுடைய கணவர், அதாவது நம் கிளைச் செயலாளர், இந்த மாதக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லட்டும்.